அக்கா குவைத்தில், பிள்ளைகள் தனிய

கேள்வி: அக்கா குவைத்துக்குப் போய் ஒரு வருசம். கடன் கட்டத்தான் போனா. மூன்று பிள்ளைகளும் அத்தானோடு. அவர் மேசன் வேலை. பின்னேரம் குடிச்சிட்டுத்தான் வருவார். போன கிழமை போனபோது மூத்தவள், ஒன்பது வயது, நாலு வயதுத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பு ஊதினாள். மேல்கையின் உட்பக்கம் கன்றியிருந்தது. கேட்டால் விழுந்ததாம். பள்ளிக்கூடமும் ஒழுங்காகப் போவதில்லை. சிறுவர் உதவிக்கான 1929 இலக்கத்துக்கு அறிவித்தால் பிள்ளைகளைச் சிறுவர் இல்லத்தில் போட்டுவிடுவார்களா?
- ஒரு சின்னம்மா, கிரான், மட்டக்களப்பு

பதில்: தங்கச்சி, விழுகிற பிள்ளைக்கு முழங்கால், முழங்கை, நெற்றி அடிபடும். மேல்கையின் உட்பக்கம் கன்றுவது பெரும்பாலும் யாரோ இறுக்கிப் பிடித்த விரல். உங்கள் மனம் சொன்னது சரி. ஆனால் அவளை இருத்தி வைத்துத் துருவித் துருவிக் கேட்காதீர்கள். பயந்த பிள்ளை அப்பாவைக் காப்பாற்றத்தான் பார்க்கும்.

நான் முப்பது வருசம் படிப்பித்தவள். நாலாம் ஆண்டில் ஒரு பையன் தினமும் பிந்தி வருவான். வாசலில் நிற்க வைத்தேன். ஒருநாள் அவனுடைய கொப்பியைத் திறந்தால் சோற்றுக் கஞ்சி காய்ந்து தாள்கள் ஒட்டிக்கிடந்தன. தங்கச்சிக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். இரண்டு மாதம் அந்தப் பிள்ளையைத் தண்டித்தேன். இன்றைக்கும் நெஞ்சில் கிடக்கிறது.

தாய் வெளிநாடு போன வீடெல்லாம் இப்படியென்று சொல்ல மாட்டேன். அம்மம்மா கையில் ராசா மாதிரி வளர்ந்த பிள்ளைகளை நமது ஊர்களில் எத்தனையோ கண்டிருக்கிறேன். தாய் இல்லை, தகப்பன் குடி, தலைக்கு மேல் கடன், கேட்க ஆளில்லை: இந்த நாலும் ஒரே கூரைக்குக் கீழ் சேரும்போதுதான் எனக்குப் பயம். கடைசி ஒன்றை நீங்கள் இன்றைக்கே மாற்றலாம்.

1929 தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். இரவிலும் எடுக்கலாம், காசில்லை. அழைக்கப் பயமென்றால் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் நேரில் சொல்லுங்கள். இல்லம்தான் எல்லாவற்றுக்கும் கடைசி. பிள்ளையைப் பெற்றவரிடமிருந்து பிரித்து வைப்பதென்றால் நீதவான் தீர்மானிக்க வேண்டும்; 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின்படி அவர் உறவினரிடமும் ஒப்படைக்கலாம். நமது பக்கத்தில் அம்மாவின் தங்கச்சியைவிடக் கிட்டின உறவு எது? "நான் பார்க்கிறேன்" என்று முதலிலேயே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பெண்கள் வெளிநாடு போக 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை கொண்டுவந்தது பிள்ளைகளை யார் பார்ப்பதென்று அறியத்தான். அக்கா யாருடைய பெயரைக் கொடுத்தா என்று கேளுங்கள். உங்களுடைய பெயராகவும் இருக்கலாம். கன்றலைப் பற்றியும் அவவிடம் மறைக்க வேண்டாம். அத்தானிடம் குடித்திருக்கும் நேரம் வாய் கொடுக்காதீர்கள். காலையில், வேலைக்குப் போக முன், உங்கள் அப்பாவையோ மாமாவையோ கூட்டிக்கொண்டு போய்ப் பேசுங்கள். குடியை விடுவிக்க உதவி கேட்க பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறார். ஆனால் அவர் திருந்தட்டும், பிறகு அறிவிப்போம் என்று மட்டும் காத்திருக்க வேண்டாம். இன்னொரு அடையாளம் கண்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

நாலு வயதுக்காரனைப் பாலர் பாடசாலையில் சேர்த்துவிடுங்கள். மத்தியானம் உங்கள் வீட்டுக்கு வரட்டும். அப்போது அக்காக்காரி வகுப்பில் இருப்பாள். அடுத்த மாதம் அவள் எத்தனை நாள் பள்ளிக்கூடம் போனாள் என்று எண்ணி எனக்கு எழுதுங்கள்.