வீட்டு வாசல் முதல் பிளாட்பாரம் வரை

கேள்வி: நாங்கள் கொரட்டூரில் 13,000 ரூபாய் வாடகையில் இருக்கிறோம். கணவருக்குப் பாரிமுனையில் வேலை, எனக்கு அம்பத்தூர் எஸ்டேட். பையன் இரண்டாம் வகுப்பு. இருவர் சம்பளமும் சேர்ந்து 68,000. திருவள்ளூரில் 38 லட்சத்துக்குத் தனி வீடு ஒன்று வந்திருக்கிறது, ஸ்டேஷனிலிருந்து நாலு கிலோமீட்டர். கையில் 9 லட்சம் இருக்கிறது. இதே பணத்துக்கு இங்கே சின்ன ஃபிளாட் கூட அமையவில்லை. வாங்கலாமா, அலைச்சல் தாங்குமா?
- ஒரு வாசகி, சென்னை

பதில்: திருவள்ளூரில் வாங்குங்கள், ஆனால் இந்த வீட்டை வாங்குவதற்கு முன் அந்த நாலு கிலோமீட்டரைப் பற்றி நன்றாக யோசியுங்கள், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான பதில் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

ரயில் பெரிய பிரச்சினையே இல்லை. சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் 42 கிலோமீட்டர், லோக்கலில் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம், சீசன் டிக்கெட் எடுத்துவிட்டால் செலவும் குறைவு. உங்களுக்கு அம்பத்தூர் பாதி வழியிலேயே வந்துவிடும். கணவர் சென்ட்ரலில் இறங்கி பஸ் மாறாமல், கடற்கரை வரை போகும் லோக்கலாகப் பார்த்துப் பிடித்தால் பாரிமுனை ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தான்.

நான் பதினோரு வருடம் கடம்பத்தூரிலிருந்து தினமும் போய் வந்தவன். எங்கள் வீடு ஸ்டேஷனிலிருந்து மூன்று கிலோமீட்டர். காலையில் அது தூரமாகவே தெரியாது, ஷேர் ஆட்டோ வரிசையாக நிற்கும். இரவு ஒன்பதுக்கு மேல் இறங்கிப் பாருங்கள், ஒரு ஆட்டோ கூட இருக்காது, இருந்தாலும் ஆள் சேரும் வரை கிளம்ப மாட்டார். மழை நாளில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, போன் டார்ச் வெளிச்சத்தில், நாய்களுக்குப் பயந்து நடந்த இரவுகள் எனக்கு இன்னும் மறக்கவில்லை. என் மனைவியும் வேலைக்குப் போனவர் என்பதால் இரண்டு பேரில் ஒருவர் தினமும் மற்றவருக்காக வண்டியோடு ஸ்டேஷன் வாசலில் காத்திருப்போம், குழந்தை பக்கத்து வீட்டில் தூங்கிவிடும். கடைசியில் அதை விற்றுவிட்டு ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில் இன்னும் சின்ன வீடாக வாங்கினோம். எட்டு நிமிட நடை. அன்றைக்குத்தான் ஊர் பிடித்தது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். வீடு பார்க்க ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், அன்று ரோடு காலி, புரோக்கர் காரில் கூட்டிப் போவார், எல்லாமே 'அஞ்சு நிமிஷம்'தான். ஒரு செவ்வாயோ புதனோ காலை ஏழு மணிக்கு அந்த வீட்டு வாசலில் நின்று, அங்கிருந்து பிளாட்பாரம் வரை பொது வண்டியில் போய்ப் பாருங்கள், இரவு எட்டரைக்கு அதே வழியில் திரும்பிப் பாருங்கள். அமாவாசை அன்றும் ஒருமுறை போங்கள், வீரராகவர் கோயில் குளத்துக்கு வரும் கூட்டம் ரயிலையும் ஊரையும் எப்படி நிரப்புகிறது என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். முடிந்தால் ஆறு மாதம் அங்கேயே வாடகைக்கு இருந்துவிட்டு வாங்குங்கள், அந்த வாடகை வீண் செலவே இல்லை.

அடுத்தது தண்ணீர். பூண்டி ஏரி பக்கத்தில் இருப்பதால் குடிதண்ணீர் தானாக வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம், போர் எத்தனை அடி, கோடையில் லாரி வாங்குகிறார்களா என்று தெருவில் கேளுங்கள். அதைவிட முக்கியம் மழைத் தண்ணீர். 2015 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் இந்தத் தெருவில் எவ்வளவு நின்றது என்று விற்பவரிடம் கேட்காமல் மளிகைக் கடைக்காரரிடம் கேளுங்கள். சுவரில் கறை இருந்தால் புது பெயின்ட் அதை ரொம்ப நாள் மறைக்காது, கதவுக்குப் பின்னால், அலமாரி அடியில் பாருங்கள்.

பணக் கணக்கு. 30 லட்சம் வரையிலான கடனுக்கு வங்கி வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம், அதைத் தாண்டினால் 80 சதவீதம். உங்களுக்கு 30 லட்சம் கிடைத்தால் மீதி 8 லட்சம் உங்கள் கையிலிருந்து. அதோடு முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், கிட்டத்தட்ட 3 லட்சத்து 42 ஆயிரம், இதைக் கடனில் சேர்க்க மாட்டார்கள். ஆக 11 லட்சத்துக்கு மேல் வேண்டும், உங்களிடம் 9 இருக்கிறது. எட்டரை சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு மாதத் தவணை 26,000 ரூபாய், இப்போதைய வாடகையைப் போல் இரண்டு மடங்கு. குழந்தையின் ஸ்கூல் ஃபீஸோடு இது இறுக்கம்தான். நகையை அடகு வைத்து இந்த வீட்டை வாங்காதீர்கள். இன்னும் ஒரு வருடம் சேர்த்து, ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், செவ்வாப்பேட்டை, வேப்பம்பட்டு வரை கூடத் தேடுங்கள், அங்கிருந்து இருவருக்குமே பயண நேரம் குறையும். விற்பவர் 'பத்திரத்தில் குறைத்துப் போட்டு மீதியைக் கையில் கொடுங்கள்' என்று சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: வேப்பம்பட்டு பக்கம் 8 லட்சத்துக்கு ஒரு மனை. அங்கீகாரம் இல்லை, ஆனால் 'பட்டா இருக்கு, வில்லங்கமும் சுத்தம், அது போதும்' என்கிறார்கள். போதுமா?
- ஒரு வாசகர், ஆவடி

பதில்: போதாது. நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதற்குத்தான் பட்டா, அந்த நிலத்தை மனையாகப் பிரிக்க அனுமதி இருக்கிறதா என்பது வேறு விஷயம். அங்கீகாரமில்லாத மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்தும், அதாவது பின்னால் சட்டப்படி ஒழுங்காக்கும் திட்டம் 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவானவற்றுக்குத்தான். அதற்குப் பின் பிரித்த மனை என்றால் பதிவதே சிக்கல், வங்கிக் கடன் கிடைக்காது, நாளைக்கு வீடு கட்ட பிளான் அப்ரூவலும் கிடைக்காது. முன்னாலேயே உருவானது என்று சொன்னால் வரன்முறை உத்தரவைக் கையில் வாங்கிப் பாருங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம்.

வில்லங்கச் சான்றில் பதிவான விஷயங்கள்தான் தெரியும். பதியாத உயிலோ, பத்திரத்தை யாரிடமாவது கொடுத்துவிட்டுக் கைக்கடன் வாங்கியதோ அதில் வராது. அதனால் அசல் பத்திரங்களை, தாய்ப் பத்திரம் (இதற்கு முன் சொத்து கைமாறிய பழைய பத்திரம்) உட்பட, கண்ணால் பாருங்கள். சர்வே எண்ணை வைத்து அ-பதிவேட்டையும் (எந்த நிலம் என்ன வகை என்று காட்டும் வருவாய்த் துறைப் பதிவேடு) புல வரைபடத்தையும் தமிழ்நாடு அரசின் இணைய சேவையில் பார்க்கலாம், ஏரி, ஓடை, வண்டிப்பாதை என்று வகைப்பாடு இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். பட்டா இறந்துபோன அப்பா பெயரிலேயே இருந்தால் மகள்கள் உட்பட வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும், வெளியூரில் கட்டிக்கொடுத்த மகளை விட்டுவிட்டு எழுதிய பத்திரங்களால்தான் எனக்கு வரும் கடிதங்களில் பாதி.

அப்புறம் ஒன்று. 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது. அங்கீகாரம் பெற்ற மனை இதே விலையில் அமைந்தால் மனைவி பெயரில் பதியுங்கள்.