படர்தாமரைக்கு இட்ராகோனசோல்: விழுங்கிய மருந்து உடம்பில் சேர்கிறதா?

கேள்வி: சேலம் கொண்டலாம்பட்டியில் விசைத்தறி ஓட்டுகிறேன். வயது 44. தொடை இடுக்கிலும் இடுப்பிலும் ஐந்து மாதமாகப் படர்தாமரை. மெடிக்கலில் வாங்கிய ட்யூப்பைப் போட்டால் மூன்று நாளில் அடங்கும், விட்டால் முன்னைவிட அதிகமாக வரும். தோல் டாக்டர் இட்ராகோனசோல் 100 மி.கி. கேப்சூல் காலை ஒன்று, இரவு ஒன்று என்று ஒரு மாதத்துக்கு எழுதிக் கொடுத்தார். பதினெட்டு நாள் ஆகிவிட்டது. அரிப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது, வட்டம் போகவில்லை. காலையில் வெறும் வயிற்றில் கேஸ் மாத்திரை (பான்டோபிரசோல், டாம்பெரிடோன் இரண்டும் சேர்ந்தது), சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், இரவில் கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 20 மி.கி. சாப்பிடுகிறேன். இதையெல்லாம் தோல் டாக்டரிடம் சொல்லவில்லை. இந்த கேப்சூல் ஈரலைக் கெடுக்குமா? கருவாடு, கத்தரிக்காய் ஆகாது என்கிறார்களே? என் மனைவிக்கும் பாவாடை நாடா கட்டும் இடத்தில் வந்துவிட்டது. என் கேப்சூலில் பாதியை அவருக்குக் கொடுக்கலாமா? பதினோரு வயது மகளுக்கும் கழுத்தில் ஒரு வட்டம் தெரிகிறது.

பதில்: ஈரலைப் பற்றிப் பிறகு பார்ப்போம். அதைவிட அவசரமான விஷயம் நீங்கள் காலையில் போடும் கேஸ் மாத்திரை. அதில் உள்ள இரண்டு மருந்தும் இட்ராகோனசோலோடு ஒத்துப்போகாதவை. ஒன்று இட்ராகோனசோலை வேலை செய்ய விடாது. இன்னொன்று அதனால் ஆபத்தாக மாறும்.

முதலில் பான்டோபிரசோல். படர்தாமரை பூஞ்சையால் வருவது. அந்தப் பூஞ்சைக்குத் தரும் இட்ராகோனசோல் தண்ணீரில் கரையாத மருந்து. அமிலத்தில் மட்டும்தான் கரையும். வயிற்றில் புளிப்பு இருந்தால்தான் கேப்சூலுக்குள் இருக்கும் குட்டிக் குட்டி உருண்டைகள் கரைந்து இரத்தத்தில் சேரும். பான்டோபிரசோல், ஓமெப்பிரசோல், ரேபிப்பிரசோல் எல்லாமே அந்த அமிலச் சுரப்பை நிறுத்துவதற்கென்றே உள்ளவை. நீங்கள் விழுங்கிய கேப்சூலில் பெரும்பகுதி கரையாமலே மலத்தோடு போயிருக்கலாம். பதினெட்டு நாளில் அரிப்பு குறைந்தும் வட்டம் அப்படியே நிற்பதற்கு இது ஒரு முக்கியமான காரணமாக இருக்க வாய்ப்புண்டு. கேஸ் மாத்திரையைக் காலையிலும் கேப்சூலை மதியத்திலும் போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். ஒரு மாத்திரையின் வேலை ஒரு நாள் முழுக்க நீடிக்கும். நேரத்தைப் பிரித்து வைத்துத் தப்பிக்க முடியாது. வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளை டானிக் வேறு வகை. அதைக் கேப்சூல் போட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம்.

அடுத்தது டாம்பெரிடோன். இந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்றுவது ஈரலில் உள்ள ஒரு நொதி. இட்ராகோனசோல் அந்த நொதியைத்தான் முடக்குகிறது. அதனால் டாம்பெரிடோன் இரத்தத்தில் தேங்கி, இதயத் துடிப்பின் தாளத்தைக் குலைக்கலாம். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது என்பது மருத்துவ விதி. இன்றே டாம்பெரிடோன் உள்ள மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டருக்குப் போன் செய்யுங்கள். படபடப்பு, தலைசுற்றல், கண் இருட்டி மயக்கம் வருவதுபோல் இருந்தால் போனோடு நிற்காதீர்கள், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெறும் வாயு, நெஞ்செரிச்சலுக்காகப் போடும் மாத்திரையென்றால் ஒரு மாதம் இல்லாமல் சமாளிக்கலாம், நிறுத்திய முதல் சில நாள் எரிச்சல் கொஞ்சம் கூடும். ஆனால் குடல் புண் இருந்தாலோ, ஆஸ்பிரின் மாதிரி மருந்துக்குத் துணையாக அதை எழுதியிருந்தாலோ, அமிலம் குறைக்கும் மருந்தே வேண்டாம் என்ற முடிவை நீங்களாக எடுக்கக் கூடாது. அந்த நிலையில் டாக்டர் கேப்சூலை மாற்றுவார்.

அட்டோர்வாஸ்டாட்டினும் அதே நொதியை நம்பியிருக்கும் மருந்துதான். இட்ராகோனசோல் உள்ளே இருக்கும்போது அதன் அளவும் இரத்தத்தில் ஏறும். தசை வலி, தொடையில் பிடிப்பு, சிறுநீர் கோலா நிறத்தில் போவது ஆகியவை தசை நார் சிதைவதன் அறிகுறிகள். உங்கள் டாக்டர் அதன் அளவைக் குறைக்கலாம், ஒரு மாதம் நிறுத்தி வைக்கலாம், அல்லது இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லாத ரோசுவாஸ்டாட்டினுக்கு மாற்றலாம். சிம்வாஸ்டாட்டின், லோவாஸ்டாட்டின் இரண்டும் இட்ராகோனசோலோடு கூடவே கூடாது. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர் என்றால் கொழுப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மெட்ஃபார்மினால் பிரச்சினை இல்லை, அதைத் தொடருங்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் படர்தாமரையும் எளிதில் போகாது.

இன்னும் ஒன்று. கேப்சூல் கோர்ஸ் முடிந்த மறுநாளே பழைய மாத்திரைகளுக்குத் திரும்பிவிட வேண்டாம். இட்ராகோனசோல் இரத்தத்திலிருந்து முழுதாக வெளியேற ஒன்றிரண்டு வாரம் ஆகும்.

இனி கேப்சூலைச் சாப்பிடும் முறை. வயிறு நிறையச் சாப்பிட்டு, கை கழுவியவுடன் விழுங்க வேண்டும். ஒரு டம்ளர் டீயும் இரண்டு பிஸ்கட்டும் சாப்பாடு ஆகாது. பட்டறைக்கு அவசரமாகக் கிளம்பும் காலையில் டீயோடு போட்டுவிட்டு ஓடுகிறீர்கள் என்றால், அந்த கேப்சூலைக் காலை உணவு இடைவேளைக்குத் தள்ளுங்கள். நாலு இட்லி சட்னியோ, சோறு குழம்போ உள்ளே போன பிறகு போடுங்கள். கேப்சூலைப் பிரிக்கவோ கடிக்கவோ கூடாது. ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த சாப்பாட்டோடு ஒன்று மட்டும் போடுங்கள், இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம். அமிலம் குறைவாக உள்ளவர்களைக் கேப்சூலைக் கோலா பானத்தோடு விழுங்கச் சொல்வதுண்டு. உங்களுக்குச் சர்க்கரை இருப்பதால் அந்த வழி வேண்டாம்.

மருந்துக்கடையில் கவனிக்க வேண்டியது இது. அட்டையில் 'எஸ்.பி.' (SB) என்று சேர்த்து, 65 அல்லது 130 மி.கி. என்று போட்ட இட்ராகோனசோலும் கிடைக்கிறது. அது உடம்பில் அதிகம் சேரும்படி செய்த வகை, அமிலத்தை அவ்வளவாக நம்பியிருக்காது. அதில் 65 மி.கி. என்பது சாதாரண வகையின் 100 மி.கி. செய்யும் வேலையைச் செய்யும். எண் சின்னதாக இருக்கிறதே என்று இரண்டு போட்டால் அளவு கூடிவிடும். "அது இல்லை, இது இருக்கு, ரெண்டும் ஒண்ணுதான்" என்று கடையில் மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள், டாக்டரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். எந்த வகை ஆனாலும் டாம்பெரிடோன், கொழுப்பு மாத்திரைச் சிக்கல்கள் அப்படியேதான் இருக்கும்.

ஈரல் பயத்துக்கு வருவோம். இட்ராகோனசோல் ஈரலைப் பாதிக்கக்கூடிய மருந்துதான், ஆனால் அது அரிது. தொடங்கும்போது ஒரு ஈரல் பரிசோதனை, ஒரு மாதத்தைத் தாண்டினால் மறுபடி ஒன்று என்பது நல்ல வழக்கம். உங்களுக்கு எடுக்கவில்லை என்றால் இப்போதாவது எடுங்கள். பரிசோதனையைவிட முக்கியம், அறிகுறி தெரிந்திருப்பது. பசியே எடுக்காமல் போவது, விடாத குமட்டல், மேல் வயிற்றில் வலக்கைப் பக்கம் வலி, சிறுநீர் பால் விடாத கடுந்தேநீர் நிறத்தில் போவது, கண்ணில் மஞ்சள். இதில் ஒன்று வந்தாலும் அன்றே கேப்சூலை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். கேப்சூல் கோர்ஸ் முடியும்வரை சாராயம், பீர் எதுவும் வேண்டாம். ஈரலைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள், இதயத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இட்ராகோனசோல் இதயத்தின் இறைக்கும் வலுவைக் கொஞ்சம் குறைக்கும். இதயம் பலவீனமானவர்களுக்குப் படர்தாமரைக்காக இதைக் கொடுப்பதில்லை. கணுக்காலில் வீக்கம், படுத்தால் மூச்சு முட்டுவது, சில நாளிலேயே எடை ஏறுவது என்றால் தாமதிக்காதீர்கள்.

கருவாடு, கத்தரிக்காய்ப் பத்தியம் படர்தாமரைக்குத் தேவையே இல்லை. பத்தியம் என்று பயந்து அரை வயிறு சாப்பிட்டுக் கேப்சூல் போட்டால் மருந்துதான் வீணாகும்.

நீங்கள் போட்டுக்கொண்டிருந்த ட்யூப்பை ஒரு முறை கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர், அதை விடுங்கள். அடியில் பொடி எழுத்தில் மருந்துகளின் பெயர் வரிசையாக இருக்கும். க்ளோபிடசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன், இவற்றில் ஒன்று அதில் இருந்தால் அந்த ட்யூப் ஸ்டீராய்டு. க்ளோபிடசால் என்ற பெயர், பூஞ்சையைக் கொல்லும் க்ளோட்ரிமசோல் என்ற பெயரைப் போலவே காதில் விழும். இரண்டும் நேர் எதிரானவை. ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பை அடக்குவதால் சிவப்பும் அரிப்பும் மூன்று நாளில் போகும். ஆனால் பூஞ்சை சாகாது, தடுக்க ஆளில்லாமல் பரவும். விட்டதும் எரிச்சலோடு திரும்பும். நீங்கள் சொன்ன கதை அச்சு அசலாக இதுதான். மாதக்கணக்கில் போட்டால் தொடையில் தோல் மெலிந்து, பிரசவக் கோடு மாதிரி ஊதா நிற வரிகள் விழும். அந்த வரிகள் வெளுக்கும், மறையாது. போதாக்குறைக்கு, இட்ராகோனசோல் ஸ்டீராய்டையும் உடம்பில் தேங்க வைக்கும். அந்த ட்யூப்பை இன்றே விட்டுவிடுங்கள். முதல் வாரம் அரிப்பு கூடினால் அரிப்பு அடங்க டாக்டர் வேறு மாத்திரை தருவார். இத்தகைய ஸ்டீராய்டு க்ரீம்கள் பலவற்றைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-இலேயே அறிவித்துவிட்டது. கேட்டதும் எடுத்துக் கொடுப்பது இன்னும் நிற்கவில்லை என்பது வேதனை.

இந்த ஸ்டீராய்டு கலந்த க்ரீம்களின் விளைவாகவோ என்னவோ, இப்போது நம் நாட்டில் பரவும் படர்தாமரைப் பூஞ்சையும் பழைய பூஞ்சை இல்லை. 2020-இல் ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று தனிப் பெயர் பெற்ற இந்த வகையில், பூஞ்சைக்குத் தரும் இன்னொரு மருந்தான டெர்பினஃபின் மாத்திரைக்குக் கட்டுப்படாதவை நிறைய. அதனால்தான் டாக்டர்கள் இட்ராகோனசோல் பக்கம் போகிறார்கள். அதையும் அரைகுறையாகச் சாப்பிட்டுக் கெடுத்துக்கொள்ள நமக்கு வசதி இல்லை. அரிப்பு நின்றதும் நிறுத்துவதுதான் பெரும்பாலானோர் செய்யும் தவறு.

மேலே தடவுவதற்கு ஸ்டீராய்டு கலக்காத லுலிகோனசோல் அல்லது க்ளோட்ரிமசோல் மாதிரி ஒற்றை மருந்து போதும். ஆட்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். அது விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு பரப்புக்குப் போதும். உங்களுக்கு இரண்டு தொடை இடுக்கும் இடுப்பும் சேர்ந்து ஆறு உள்ளங்கை இருந்தால், ஒரு வேளைக்கு ஒன்றரை கிராம். இரண்டு வேளை தடவும் க்ளோட்ரிமசோல் 30 கிராம் ட்யூப் பத்தே நாளில் தீர வேண்டும். மாதம் முழுக்க ஒரே ட்யூப் வருகிறதென்றால் அளவு போதவில்லை. வட்டத்துக்கு மேல் மட்டும் தடவாதீர்கள். பூஞ்சை ஓரத்தில்தான் உயிரோடு இருக்கிறது, ஓரத்தைத் தாண்டி இரண்டு செ.மீ. வரை தடவ வேண்டும். எல்லாம் மறைந்த பிறகும் இரண்டு வாரம் தொடர வேண்டும்.

மறைந்ததா என்று எப்படித் தெரியும்? விரலால் தடவிப் பாருங்கள். ஓரம் மேடாக, செதிலோடு, அரிப்போடு இருந்தால் பூஞ்சை இருக்கிறது. தட்டையாக, வழுவழுப்பாக, கறுப்பு மட்டும் மிஞ்சியிருந்தால் அது தழும்பு. தானாக வெளுக்க மாதங்கள் ஆகும், அதற்காக மருந்தை நீட்ட வேண்டாம். சந்தேகம் என்றால் செதிலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்டிக் கேட்கலாம்.

மருந்து எவ்வளவு சரியாக இருந்தாலும் துணி சரியில்லை என்றால் திரும்பி வரும். பட்டறைச் சூட்டில் லுங்கியின் இடுப்பு மடிப்பு நாள் முழுக்க ஈரமாக இருக்கும். மாற்று லுங்கியும் உள்ளாடையும் கொண்டுபோய் மதியம் மாற்றுங்கள். தோளில் போடும் துண்டை முகம் துடைக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதே துண்டால் இடுக்கைத் துடைத்தால் வட்டம் கழுத்துக்கு ஏறும். அரணாக்கயிறு கட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். வியர்வையும் செதிலும் ஊறிய கயிறு பூஞ்சைக்கு நிரந்தர வீடு. சடங்குக்காகக் கட்டியே ஆக வேண்டும் என்றால் குணமானபின் புதுக்கயிறு கட்டுங்கள். வெள்ளிக்கொடி என்றால் வெந்நீரில் தேய்த்துக் கழுவி, துடைத்துக் காயவைத்துப் போடுங்கள். உள்ளாடை, லுங்கி, துண்டு மூன்றையும் கை பொறுக்காத சூட்டில் உள்ள வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி வெயிலில் போடுங்கள். ஐப்பசி மழையில் வெயில் இல்லாத நாளிலும், ஏற்காடு போல மூடுபனியில் துணியே காயாத இடத்திலும், உள்பக்கத்தை இஸ்திரி போட்டு உடுத்துங்கள்.

மனைவிக்கு உங்கள் கேப்சூல் வேண்டவே வேண்டாம். பாதியும் வேண்டாம். கர்ப்பத்துக்கு வாய்ப்புள்ள வயதில் இட்ராகோனசோல் தரும் முன் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். சாப்பிடும் காலத்திலும், நிறுத்திய பின் இரண்டு மாதம் வரையிலும் கருத்தடை தேவை. நாடா கட்டும் இடத்தில் ஒன்றிரண்டு உள்ளங்கை அளவுதான் இருக்கிறது என்றால் க்ரீமே போதுமானதாக இருக்கலாம். நாடாவை அகலமாக்கி, தினமும் கொஞ்சம் மேலோ கீழோ மாற்றிக் கட்டட்டும். மகளுக்குக் கழுத்தில் உள்ள வட்டம் மட்டும் என்றால் க்ரீம். ஆனால் தலைமுடியைப் பிரித்துப் பாருங்கள். எங்காவது முடி உடைந்து, செதில் படிந்த இடம் தெரிந்தால் க்ரீம் அங்கே எட்டாது, எடைக்கு ஏற்ற அளவில் மாத்திரை தேவைப்படும். மூவரும் ஒரே நேரத்தில் சிகிச்சை எடுக்க வேண்டும். ஒருவர் விட்டாலும் மற்ற இருவருக்கும் மறுபடி வரும்.

மறு பார்வைக்குப் போகும்போது வீட்டில் உள்ள எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். கேஸ் மாத்திரை, கொழுப்பு மாத்திரை, தூக்க மாத்திரை, ஒற்றைத் தலைவலி மாத்திரை, இழுப்பு பம்ப், காலியான அந்த ட்யூப்கூட. இத்தனை நாளாக எந்த மருந்தோடு கேப்சூலைச் சாப்பிட்டீர்கள் என்று சொன்னால்தான், இந்தப் பதினெட்டு நாளைக் கணக்கில் சேர்ப்பதா, புதிதாகத் தொடங்குவதா என்று டாக்டர் முடிவு செய்ய முடியும்.