செல்லுலோஸ்: மாத்திரை முதல் ஐஸ்கிரீம் வரை

கேள்வி: மாத்திரையில் 'மைக்ரோகிரிஸ்டலின் செல்லுலோஸ்' சேர்ப்பதாகப் படித்தேன். மரத்தூளையா விழுங்குகிறோம்?

மரத்தூள் அல்ல, ஆனால் மரத்திலிருந்து வருவதுதான். மரக்கூழில் இழைகளை ஒட்டிப் பிடிக்கும் லிக்னினையும் ஹெமிசெல்லுலோஸையும் நீக்கிவிட்டு, மிஞ்சும் செல்லுலோஸை, அதாவது தாவர இழையின் முக்கியப் பொருளை, நீர்த்த அமிலத்தில் சூடாக்குகிறார்கள். இழையில் தளர்வாகக் கிடக்கும் பகுதிகளை அமிலம் அரித்துவிடும். இறுக்கமாக அடுக்கிய படிகப் பகுதிகள் தப்பிவிடும். கழுவி உலர்த்தினால் மணமோ சுவையோ இல்லாத வெள்ளைப் பொடி கிடைக்கும். 5 மில்லிகிராம் மருந்தைத் தனியாக மாத்திரையாக்கினால் விரலில் எடுக்கக்கூட முடியாது; அதற்கு உடம்பு கொடுப்பது இந்தப் பொடிதான். இதைச் செரிக்கும் நொதி மனிதக் குடலில் சுரப்பதில்லை. பெரும்பாலும் வந்தபடியே வெளியேறிவிடும்.

கேள்வி: கெட்டியாக்கப் பயன்படும் ஹெச்.பி.எம்.சி. (ஹைட்ராக்சிபுரோபில் மெத்தில் செல்லுலோஸ்) பொடியைத் தண்ணீரில் போட்டால் கட்டி தட்டுகிறது. எவ்வளவு கலக்கினாலும் கரையவில்லை.

ஒரு கட்டியை எடுத்துக் கத்தியால் வெட்டிப் பாருங்கள். வெளியே வழுவழுப்பான கூழ், உள்ளே காய்ந்த பொடி அப்படியே இருக்கும். மேல்பரப்பு உடனே நீரை உறிஞ்சிக் கூழாகி, உள்ளே நீர் போகவிடாமல் அடைத்துவிடுகிறது. அதன் பிறகு கலக்கிப் பயனில்லை.

வழி இதுதான். இந்தப் பொடி குளிர்ந்த நீரில் கரையும், கொதிநிலைக்கு அருகில் கரையாது. 1 லிட்டருக்கு 20 கிராம் வேண்டுமானால், முதலில் 300 மில்லி நீரை 85 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்குங்கள். கலக்கிக்கொண்டே பொடியைத் தூவுங்கள். எல்லாத் துகளும் நனைந்து, பால்போல் கலங்கி நிற்கும், கெட்டியாகாது. அடுப்பிலிருந்து இறக்கி, 700 மில்லி குளிர்ந்த நீரை ஊற்றிக் கலக்குங்கள். ஆற ஆறக் கெட்டிப்படும். ஓர் இரவு குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் காற்றுக் குமிழிகள் அடங்கித் தெளிந்துவிடும்.

கெட்டியாக்கும் இன்னொரு செல்லுலோஸ் பொடியான சி.எம்.சி.க்கு (கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ்) இந்த முறை உதவாது. அது வெந்நீரிலும் கரையும் என்பதால் அங்கேயும் கட்டி தட்டும். செய்முறையில் சர்க்கரை இருந்தால், சி.எம்.சி.யைப்போல் பத்து மடங்கு சர்க்கரையில் முதலில் உலர்வாகக் கலந்து, பிறகு தூவுங்கள்.

கேள்வி: ஐஸ்கிரீம் கலவையில் சி.எம்.சி. மட்டும் சேர்க்கிறோம். இரவு வைத்திருந்தால் அடியில் நீர் பிரிகிறது. அளவைக் கூட்டலாமா?

கூட்டாதீர்கள். சி.எம்.சி.யும் பால் புரதமும் ஒரே கலவையில் ஒத்துப்போகாமல் விலகுவதுதான் காரணம். அளவைக் கூட்டினால் பிசுபிசுப்புதான் மிஞ்சும். சி.எம்.சி.யை 0.15 சதவீதத்தில் நிறுத்தி, 0.02 சதவீதம் கப்பா காரஜீனன் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் கூழாக்கும் பொருள்) சேருங்கள். அது பால் புரதத்தோடு மெல்லிய வலைபோல் பிணைந்து, நீர் பிரியாமல் தாங்கும்.

கேள்வி: மாத்திரைத் தயாரிப்பில், அதே செய்முறையில் சில தொகுதிகள் மட்டும் உதிர்கின்றன. ஏன்?

மாத்திரை அச்சில் ஒட்டாமலிருக்கச் சேர்க்கும் வழுக்குப் பொடியான மெக்னீசியம் ஸ்டியரேட்டை எவ்வளவு நேரம் கலக்குகிறீர்கள் என்பதை முதலில் பாருங்கள். செல்லுலோஸ் துகள் அழுத்தத்தில் உடைவதில்லை, நசுங்கித்தான் ஒட்டுகிறது. அதிக நேரம் கலக்கினால் ஸ்டியரேட் ஒவ்வொரு துகள் மேலும் கொழுப்புப் படலமாகப் படிந்து, ஒட்ட விடாமல் தடுக்கும். மற்றவை எல்லாம் கலந்த பிறகு கடைசியில் 0.5 சதவீதம் சேர்த்து, 3 நிமிடத்தில் நிறுத்திப் பாருங்கள்.

கேள்வி: நாள் முழுக்க வேலை செய்யும் மாத்திரை மலத்தில் முழுசாக வந்தது. மருந்து வீணா?

பெரும்பாலும் இல்லை. இப்படிப்பட்ட சில மாத்திரைகளின் மேலுறை எத்தில் செல்லுலோஸ் அல்லது செல்லுலோஸ் அசிடேட். இவை நீரில் கரையாதவை. மருந்து மெல்ல வெளியேறிவிடும், வெற்றுக் கூடு மட்டும் மிஞ்சும். அதைப் பார்த்து இன்னொரு மாத்திரை போட்டுவிடாதீர்கள். கடுமையான வயிற்றுப்போக்கு இருந்தால் மட்டும் மருந்து முழுதாக இறங்கும் முன்பே மாத்திரை வெளியேறியிருக்கலாம், மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்த மாத்திரைகளைப் பொடித்தோ கடித்தோ தரவே கூடாது. நாள் முழுவதற்குமான அளவு ஒரேயடியாக உடலில் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். விழுங்க முடியாதவருக்குத் திரவ மருந்து உண்டா என்று மருந்தாளுநரிடம் கேளுங்கள்.

கேள்வி: அறுவை சிகிச்சையில் ரத்தத்தை நிறுத்த வைக்கும் செல்லுலோஸ் துணி உடலுக்குள்ளேயே கரையுமாமே?

கரையும். அது ஆக்சிஜனேற்றம் செய்த செல்லுலோஸ். சிறிய அளவை உடல் ஓரிரு வாரங்களில் உறிஞ்சிக்கொள்ளும். உலர்ந்த நிலையில்தான் வைப்பார்கள். ரத்தத்தில் ஊறினால் உப்பும் என்பதால், எலும்பு சூழ்ந்த குறுகலான இடத்தில் நரம்பை அழுத்திவிடாதபடி, ரத்தம் நின்றதும் அங்கிருந்து எடுத்துவிடுவார்கள்.