சியா: ஞானமா, கண்டுகொள்வதா?

ஐயா,

எகிப்தியக் கடவுளர் பற்றிப் படிக்கும்போது 'சியா' என்ற பெயர் வருகிறது. ஓர் இடத்தில் ஞானத்தின் கடவுள் என்கிறார்கள், இன்னோர் இடத்தில் புலனறிவு என்கிறார்கள். இது வெறும் பெயர்தானா, வினையாகவும் வருமா? தமிழில் இதை எப்படிச் சொல்லலாம்?

மீனா

அன்புள்ள மீனா,

வினையாகவும் வரும். என்னைக் கேட்டால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கடவுளில் தொடங்கினால் 'ஞானம்' என்ற பெரிய சொல்லில் போய் நின்றுவிடுவோம்.

பழைய எகிப்திய இலக்கியமான சினுஹேயின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அரசர் முதலாம் அமெனெம்ஹெத் இறந்த செய்தி காதில் விழுந்ததும் சினுஹே நாட்டைவிட்டு ஓடுகிறான். வழியில் தாகத்தில் தொண்டை வறண்டு, 'இதுதான் சாவின் சுவை' என்கிறான். அப்புறம் மாடுகள் கத்துவதைக் கேட்கிறான், ஆசிய நாடோடிகளைப் பார்க்கிறான். முன்பு எகிப்தில் இருந்த அவர்களின் தலைவன் இவனை அடையாளம் கண்டுகொள்கிறான். தண்ணீர் கொடுக்கிறான், பால் காய்ச்சித் தருகிறான்.

அந்தக் 'கண்டுகொண்டான்' இருக்கிறதே, அதுதான் சியா. மூலத்தில் 'சியா-என் வி மெத்தென்' என்று வரும். நம் வரிசைக்குத் தலைகீழ்: முதலில் வினை, அடுத்து 'என்னை', பிறகுதான் தலைவன். வினையோடு ஒட்டிய 'என்' செயல் முடிந்ததைக் காட்டும் விகுதி. முந்தைய 'கேட்டேன்', 'பார்த்தேன்' இரண்டிலும் இதே விகுதிதான். சுவை, ஓசை, காட்சி என்று சினுஹேயின் புலன்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. சியா மட்டும் அவனுடையதில்லை, எதிரே நிற்பவனுடையது. சாகக் கிடந்தவன் பிழைப்பது அதனால்தான். எத்தனை முறை படித்தாலும் எனக்கு இந்த இடத்தில் உடல் சிலிர்க்கும்.

இந்த விகுதி இன்னொரு வேலையும் செய்யும். 'ரெக்' என்ற வினைக்கு அடிப்பொருள் 'அறிய வருதல்'. அதனால் அதன் முடிந்த வடிவமே 'தெரியும்' என்ற பொருளைத் தந்துவிடும். நாம் 'புரிந்தது' என்று சொல்லி இப்போது புரிந்திருப்பதைக் குறிக்கிறோமே, அதுபோல.

பெயர்ச்சொல்லும் அதே சியாதான். குஞ்சம் தொங்கும் துணியின் படம் அதற்குரிய எழுத்து. உட்கார்ந்த கடவுளின் உருவத்தைக் கடைசியில் சேர்த்தால் கடவுளின் பெயராகிவிடும். எகிப்தியர்கள் உயிரொலிகளை எழுதாததால், 'சியா' என்பது ஆய்வாளர்கள் வசதிக்கு வைத்துக்கொண்ட உச்சரிப்பு.

தமிழில் நான் 'கண்டுணர்தல்' என்று எழுதுவேன். கதைக்குள் வந்தால் 'கண்டுகொள்' போதும். வெறும் 'உணர்' இன்று உணர்ச்சிப் பக்கம் சாய்ந்துவிட்டது. 'ஞானம்' என்றால் கண் மூடி அமர்ந்த முனிவர் நினைவுக்கு வருவார். ஆனால் அரசர் கல்லறைச் சுவர்களில் உள்ள 'வாயில்களின் நூல்' என்ற தொகுப்பில் சியா உட்கார்ந்திருக்கவில்லை. சூரியக் கடவுளான ராவின் படகு இரவு முழுக்கப் பாதாளத்தைக் கடக்கிறது. முன்பக்கத்தில் நிற்கும் சியா, ஒவ்வொரு வாயிலிலும் கதவுக்காவல் பாம்பிடம் 'ராவுக்குக் கதவைத் திற' என்று சொல்லிக்கொண்டே போகிறார்.