நோட் எழுதுவதற்கு முன்

அன்புள்ள அண்ணா,
ராணிப்பேட்டை பக்கம் ஒரு தோல் கம்பெனியில் மக்கள் தொடர்பு அதிகாரியாக (பி.ஆர்.ஓ.) இருக்கிறேன். போன வாரம் கழிவுநீர்க் குழாய் உடைந்து ஓடையில் கலந்துவிட்டது. 'மழைத்தண்ணீர்தான்' என்று பிரஸ் நோட் போடச் சொல்கிறார் எம்.டி. நிருபர்களுக்குப் பணக் கவரும் தயார். எழுதவா, வேலையை விடவா?
(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

எழுதாதீர்கள். வேலையையும் இன்றைக்கே விட வேண்டாம்.

நான் வேலூரில் நிருபராக இருந்தபோது வாணியம்பாடி பக்கம் ஒரு பிரஸ் மீட். ஒரு சொட்டுக் கழிவுகூட வெளியே போகவில்லை என்று பி.ஆர்.ஓ. வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு அம்மா தன் கிணற்றில் சேந்திய தண்ணீரைக் குடத்தோடு கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். கடுங்காப்பி நிறம், மேலே நுரை. பி.ஆர்.ஓ. குடத்தைப் பார்த்தார், மிச்சத்தையும் வாசித்து முடித்தார். அப்புறம் டீக்கடையில் சொன்னார், அந்த நோட்டே அவர் எழுதியதில்லையாம், காலையில் பியூன் கையில் வந்ததாம், எங்கே உடைந்தது என்றுகூட யாரும் அவரிடம் சொல்லவில்லையாம். அன்றைக்கு அவர்மேல் வந்த கோபம் இப்போது எனக்கு இல்லை, முடிவெடுக்கும் அறைக்குள் அவரை விடாதவர்கள்மேல்தான் இருக்கிறது.

அதனால் முதலில் அந்த அறைக்குள் போங்கள். 1982இல் சிகாகோவில் டைலினால் என்ற வலி மாத்திரையில் யாரோ சயனைடு கலந்து 7 பேர் இறந்தபோது, அதை விற்ற ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனியின் தலைவர் ஜேம்ஸ் பர்க் சுமார் 3 கோடியே 10 லட்சம் பாட்டில்களைத் திரும்ப எடுக்க வைத்தார். முடிவு சரியாக இருந்ததால் பத்திரிகைக்குச் சொல்ல எதையும் ஜோடிக்க வேண்டியிருக்கவில்லை. நம் பக்கத்துக் கதை எம்.டி.க்கே தெரிந்திருக்கும், வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று சொல்லி, தோல் பதனிடும் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும் போட்டது. மறந்திருந்தால் நீங்கள் ஞாபகப்படுத்துங்கள். குழாய் எத்தனை மணிக்கு உடைந்தது, எப்போது அடைத்தீர்கள், ஓடையோரத்து வீடுகளுக்குத் தண்ணீர் லாரி எப்போது வரும், இதைச் சொல்ல அவர் சம்மதித்தால் நோட் பத்து வரியில் முடிந்துவிடும்.

கவர் வேண்டவே வேண்டாம். ஒரு தடவை வாங்கியவர், நாளைக்கு நீங்கள் நிஜத்தையே கொடுத்தாலும் கவரைத்தான் தேடுவார்.

எம்.டி. முடியாது என்றால் ராஜினாமா பற்றி எழுதுங்கள், பேசுவோம். ஆனால் ஓடையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறவர்களுக்கு இன்றைக்கே சொல்லிவிடுங்கள், அதற்கு யாருடைய கையெழுத்தும் வேண்டாம்.