தரைக்கல்லில் ஒரு கணக்கு

கேள்வி: மலேசியாவில் பகாவ் பக்கம் தோட்ட வீட்டில் இருக்கிறோம். கணவர் செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை வெட்டுகிறார். மகள் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. சுற்றளவு கேட்டாலும் பரப்பளவு கேட்டாலும் நீளத்தை அகலத்தால் பெருக்கி வைக்கிறாள். திருத்தச் சொன்னால் கைப்பேசியில் விடை தேடுகிறாள். நான் ஆறாம் ஆண்டோடு நின்றவள். எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பதில்: சகோதரி, உங்கள் மகளுக்குப் பெருக்கத் தெரிகிறது. எதை அளக்கிறோம் என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. அதற்கு உங்கள் படிப்பு தடையே இல்லை.

சதுரத் தரைக்கல் பதித்த இடத்தில், கல் சேரும் கோட்டின் மேலேயே சுண்ணக்கட்டியால் ஒரு செவ்வகம் போடுங்கள். நீளத்துக்கு 8 கல், அகலத்துக்கு 5 கல். உள்ளே எத்தனை கல் என்று எண்ணச் சொல்லுங்கள். 40 வரும், அதுதான் பரப்பளவு. பிறகு ஓரத்தைச் சுற்றி எண்ணச் சொல்லுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் இங்கே ஓரக் கற்களை எண்ணி 22 என்பார்கள். உடனே தப்பு என்று சொல்லிவிடாதீர்கள், இந்த இடம் பொன்னானது. ஒரு கயிற்றைக் கோட்டின் மேல் வைத்துச் சுற்றி, கல்லின் பக்கங்களை எண்ணச் சொல்லுங்கள். 26 வரும். 4 எங்கிருந்து கூடியது? மூலைக் கல் ஒவ்வொன்றுக்கும் வெளிப்பக்கம் இரண்டு. இதை அவளே கண்டுபிடிக்கட்டும், கால் மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை. கயிற்றின் நீளம் சுற்றளவு என்பது கையில் பதிந்துவிட்டால், இடைநிலைப்பள்ளியில் பரப்பளவை 'லுவாஸ்' என்று மலாயில் கேட்கும்போதும் தடுமாறமாட்டாள்.

கைப்பேசியைப் பிடுங்க வேண்டாம். முதலில் தாளில் படம் வரைந்து, கணக்கை உங்களுக்கு வாயால் விளக்கட்டும். விடையைச் சரிபார்க்க மட்டும் அதைத் திறக்கலாம். உங்களுக்குப் புரியாத இடத்தில், "எனக்குப் புரியல, இன்னொரு தடவை சொல்லும்மா" என்று கேளுங்கள். பிள்ளை எங்கே சறுக்குகிறாள் என்று அப்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

முக்கோணத்துக்கு அப்பா இருக்கிறார். செம்பனையைப் பெரும்பாலும் சமபக்க முக்கோணமாகத்தான் நடுகிறார்கள், மரத்துக்கு மரம் ஏறத்தாழ 9 மீட்டர். மூன்று மரங்களைப் புள்ளி வைத்து வரைந்து காட்டச் சொல்லுங்கள். மகள் கோணமானியால் அளக்கட்டும்: மூலைக்கு 60 பாகை, மூன்றும் சேர்ந்தால் 180. அந்த மூன்று மரங்களைச் சுற்றிக் கயிறு கட்ட எத்தனை மீட்டர் வேண்டும் என்பதை அவரே மகளிடம் கேட்கட்டும்.