கிலோ 400 சொன்னால் 250-க்குக் கேட்கிறார்கள்: வீட்டுக் கோழியை எப்படி விலை வைத்து விற்பது?

கேள்வி: வீட்டில் நாட்டுக்கோழி வளர்க்கிறேன். இப்போது ஏழு மாதச் சேவல் எட்டும் பெட்டை நாலும் இருக்கின்றன. உயிர் எடை கிலோ 400 சொன்னால் 250-க்குக் கேட்கிறார்கள். கொடுத்துவிடலாமா?

கொடுக்க வேண்டாம். ஏன் என்று சொல்வதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் தராசு இருக்கிறதா?

நாங்கள் இருப்பது வடமதுரைக்குப் பக்கம். வியாழக்கிழமை ஆனால் அய்யலூர்ச் சந்தைக்கு ஆடும் கோழியும் ஏற்றிக்கொண்டு விடியுமுன்பே வண்டிகள் போகிற பாதை. ஏழெட்டு வருடமாக எங்கள் வீட்டைச் சுற்றி எப்போதும் முப்பது உருப்படியாவது மேயும். முதல் மூன்று வருடம் தராசு இல்லாமல்தான் விற்றோம். ஒரு வியாபாரி டிவிஎஸ் ஃபிப்டியில் இரண்டு பக்கமும் கூடை கட்டிக்கொண்டு வருவார். சேவலைக் காலைப் பிடித்துத் தூக்கி இரண்டு தடவை ஆட்டிப் பார்ப்பார். நெஞ்செலும்பைத் தடவுவார். வாலடியில் ஊதி, இறகை விலக்கித் தோலின் நிறம் பார்ப்பார். அப்புறம் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "நெஞ்சுல கறியே இல்ல தாயி, ஒரு கிலோ தேறாது" என்பார்.

அப்படித்தான் ஒரு நாள் அஞ்சு சேவலை 1,500 ரூபாய்க்குக் கொடுத்தோம். கிலோ 300 என்பது நாங்கள் சொன்ன விலை, சேவலுக்கு ஒரு கிலோ என்பது அவர் சொன்ன எடை. அவர் போன பிறகு மனசு கேட்கவில்லை. அதே ஈட்டில், அதாவது ஒரே தடவை அடைவைத்ததில், பொரித்த ஆறாவது சேவலைத் தூக்கிக்கொண்டு தெருமுனை மளிகைக் கடைக்குப் போனேன். தராசில் 1 கிலோ 450 காட்டியது. அஞ்சும் கிட்டத்தட்ட அதே உருவம்தான். ஏழு கிலோவை 1,500-க்குக் கொடுத்தால் கிலோ 214 ஆகிறது. நாங்கள் சொன்ன விலையில் அந்த மனிதர் கைவைக்கவே இல்லை. கைவைத்ததெல்லாம் எடையில். அவரைத் திட்டவும் முடியாது. பெட்ரோல், சந்தைச் சுங்கம், கூடையிலேயே வெயிலில் செத்துப்போகிற ஒன்றிரண்டு என்று அவருக்கும் கணக்கு இருக்கிறது. தூக்கிப் பார்த்து எடை சொல்வது அவர் தொழில், என் தொழில் இல்லை. அந்த விளையாட்டில் நான் எப்படி ஜெயிப்பேன்?

அன்றைக்கே கொக்கி வைத்த டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கினேன். ஐந்நூறு ரூபாய்க்குள்தான் ஆனது. கடை போட்டு விற்பதானால் முத்திரை போட்ட தராசு வேண்டும், அது தனி விஷயம். வாங்க வருகிறவருக்கு என் தராசில் சந்தேகம் வந்தால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை அவர் கையாலேயே மாட்டச் சொல்வேன். தண்ணீர் ஒரு கிலோ, பாட்டில் இருபது முப்பது கிராம். அதைப் பார்த்தபின் எடையைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை.

எடை போடும் நேரமும் முக்கியம். நான் காலையில் கூண்டைத் திறக்குமுன், இரை போடுமுன் எடை போடுகிறேன். கம்பும் குருணையும் முட்ட முட்டத் தின்ற கோழியின் தொண்டைக்குக் கீழே பை உருண்டையாகத் தொங்கும். அதற்காகவே இரை திணித்துக் கொண்டுவருகிறவர்கள் சந்தையில் உண்டு. விவரமானவர்கள் முதலில் அங்கேதான் தொட்டுப் பார்ப்பார்கள். நான் கேட்காமலே சொல்லிவிடுவேன்: "தொட்டுப் பாருங்க, இன்னும் இரையே எடுக்கல." இந்த ஒரு வார்த்தைக்கு நான் விலை குறைக்காமல் தப்பித்த தடவைகள் நிறைய.

சரி, 400 என்பது நியாயமா, பேராசையா? இதை நீங்கள் உங்களுக்காக ஒரு தடவை எழுதிப் பார்க்க வேண்டும். வாங்குகிறவரிடம் காட்ட அல்ல, "250-க்குக் கொடு" என்று யாராவது சொல்லும்போது நீங்களே தடுமாறாமல் இருக்க. என் நோட்டில் ஒரு ஈடு இப்படி இருக்கிறது. இரண்டு அடைக்கோழிக்கு 13 வீதம் 26 முட்டை வைத்தேன். 21 நாளில் 21 குஞ்சு இறங்கியது. பருந்து, கீரி, மழையில் நனைந்தது, காரணம் தெரியாமல் சுருண்டது எல்லாம் போக ஆறாம் மாதம் விற்பனைக்கு நின்றது 12. வைத்த முட்டைகளை விற்றிருந்தால் 312 ரூபாய். குஞ்சுத் தீவனம் 20 கிலோ, 900 ரூபாய். அதற்கப்புறம் மேய்ச்சலோடு சேர்த்துப் போட்ட கம்பும் சோளமும் குருணையும் 50 கிலோ, 1,400. தாய்க்கோழிகளுக்கு 300. தடுப்பு மருந்து, குடற்புழு மருந்து 250. ஆக மொத்தம் 3,162. கோழிக்கு 264 ரூபாய் விழுகிறது. சேவலும் பெட்டையுமாகச் சராசரி எடை 1.3 கிலோ. அதாவது கிலோவுக்கு 200-க்குக் கொஞ்சம் மேலே வெறும் கைக்காசு மட்டும் போயிருக்கிறது.

கிலோ 400 வீதம் பன்னிரண்டையும் விற்றால் 6,240. செலவு போக நிற்பது 3,078. ஆறு மாதத்துக்கு. நாளுக்கு 17 ரூபாய். பஞ்சாரத்தைக் கவிழ்த்து, நிமிர்த்தி, எச்சம் கூட்டி, பொழுது சாய்ந்தால் தலை எண்ணி அடைக்கிற கூலி அவ்வளவுதான். இதில் ஒருவர் சிரித்துக்கொண்டே "அம்பது கொறச்சுக்கங்கக்கா" என்கிறார். 400-ல் 50 என்பது எட்டில் ஒன்று, பெரிதாகத் தெரியாது. எல்லோருக்கும் அந்த ஐம்பதைக் குறைத்தால் என் 3,078-ல் 780 போகிறது, நாலில் ஒன்று. இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் எனக்கு வாயில் "இல்ல" என்ற சொல் கூச்சமில்லாமல் வந்தது. உங்கள் ஊர்த் தீவன விலைக்கும் சாவுக்கும் ஏற்ப எண்கள் மாறும். போட்டுப் பாருங்கள். 250-க்குக் கொடுத்தால் என்ன மிஞ்சும் என்று நான் சொல்லத் தேவையிருக்காது.

இப்போது பேரத்துக்கு வருவோம். நான் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்ட ஒன்று: விலை முடியாமல் கோழியைப் பிடிக்கவே கூடாது. முன்பெல்லாம் ஆள் வந்ததும் பையனை விட்டுத் துரத்திப் பிடித்து, காலைக் கட்டி, வேர்த்து விறுவிறுத்து நிற்போம். அப்புறம் அவர் 250 என்பார். கட்டியதை அவிழ்த்துவிட நமக்கே மனசு வராது. அது அவருக்கும் தெரியும். இப்போது திண்ணையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, "உயிர் எடை கிலோ 400, சேவல் பெட்டை ரெண்டும் ஒரே வெல, எது வேணும்னு காட்டுங்க" என்று சொல்லிவிட்டு நானும் உட்கார்ந்துகொள்கிறேன்.

அடுத்து வருவது "கடையில பிராய்லர் எவ்வளவு தெரியுமா" என்பது. இதற்குக் கோபப்பட்டு பிராய்லர் சீக்கிரம் பெருக்க ஊசி போடுகிறார்கள், அது இதுவென்று கதை சொல்லாதீர்கள். அது பொய், தேவையும் இல்லை. பல்லடம், நாமக்கல் பக்கம் பண்ணைகளில் பிராய்லர் ஆறு வாரத்துக்குள் இரண்டு கிலோவைத் தொட்டுவிடும். அதற்கென்றே தேர்ந்தெடுத்த இனம், அதற்கென்றே தீவனம். என் சேவல் ஒன்றரைக் கிலோ வர ஆறு மாதத்துக்கு மேல் ஆகிறது. "அது ஒன்றரை மாசம், இது ஆறு மாசம்" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். கொஞ்சம் கஷ்டமானது, "பண்ணையிலயே நாட்டுக்கோழி 250-க்குக் கெடைக்குதே" என்கிறவர். அவர் சொல்வதும் நிஜம்தான். வனராஜா, கிரிராஜா மாதிரி மேம்படுத்திய இனங்களும் கலப்புக் கோழிகளும் பார்வைக்கு நாட்டுக்கோழி போலவே இருக்கும், மூன்று மாதத்தில் எடைக்கு வரும், அந்த விலைக்குக் கட்டுப்படியாகும். நான் அவரிடம், "அது வேணும்னா அங்கயே வாங்குங்க, அதுவும் நல்ல கறிதான்" என்று சொல்வேன். பாதிப் பேர் போய்விடுவார்கள். மீதிப் பேர் நம்மிடமே திரும்பி வருவார்கள். நீங்கள் வளர்ப்பது கலப்பு என்றால் 400 சொல்லாதீர்கள், நேர்மையாக அந்த விலையே சொல்லுங்கள்.

டவுனிலிருந்து காரில் வருகிறவர்களிடம் வேறொரு சிக்கல். அவர்கள் மனதில் இருப்பது கறி எடை, நாம் சொல்வது உயிர் எடை. இறகு, குடல், தலை, கால் போனால் மூன்றில் ஒரு பங்கு கழிந்துவிடும். ஒருவர் ஒன்றரைக் கிலோச் சேவல் வாங்கி, இங்கேயே சுத்தம் செய்யச் சொல்லி, பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஒரு கிலோதான் இருக்கு, அரைக் கிலோ எங்க?" என்று தெருவே கேட்கச் சத்தம் போட்டார். அன்றிலிருந்து முதலிலேயே சொல்கிறேன்: உயிர் 400 என்றால் கறி கிலோ 600 மாதிரி விழும், சம்மதமா? சிலர் எழுந்து போவார்கள். போகட்டும். சம்மதித்தவர் கடைசியில் சண்டை போடுவதில்லை.

விலையைக் குறைப்பதற்குப் பதில் வேறு எதையாவது கொடுப்பேன். இறகு பிடுங்கி, மஞ்சள் தேய்த்து, நெருப்பில் வாட்டித் தருவதற்கு 50 ரூபாய் வாங்குகிறேன். இரண்டு கோழி எடுத்தால் அதை வாங்குவதில்லை. பழகின ஆள் என்றால் நாலு முட்டை. "கொறச்சாங்க" என்ற திருப்தி அவருக்கு வேண்டும், அவ்வளவுதான். கிலோ விலையில் கைவைத்தால் மட்டும் அடுத்த வாரம் அவர் மச்சானும் அதே விலைக்கு வந்து நிற்பார்.

சொந்தக்காரர்கள்தான் பெரிய தலைவலி. இதில் என் மாமியார் வைத்த சட்டம் இன்றுவரை ஓடுகிறது. "காசு வாங்குனா முழுசா வாங்கு. இல்ல, சும்மா குடுத்துரு. பாதிக் காசு வாங்காத, அவளும் குறை சொல்லுவா, உனக்கும் எரியும்." பிள்ளை பெற்ற வீட்டுக்கு, பெரியமனுஷியான பிள்ளைக்கு என்றால் ஒரு விடைக்கோழியை, இன்னும் முட்டையிடாத இளம் பெட்டையை, சும்மாவே கொடுத்துவிடுவோம். மற்றதெல்லாம் 400.

காலம் பார்க்காமல் விலையில் பிடிவாதம் பிடித்தும் பயனில்லை. புரட்டாசியில் பாதி வீடுகளில் கறியே கிடையாது. கார்த்திகை, மார்கழியில் மாலை போட்ட வீடுகளும் அப்படித்தான். ஆடியிலும் தீபாவளிக்கும் மாட்டுப்பொங்கலுக்கும் ஆள் தேடி வரும். ஆடிக்கு விற்க வேண்டுமானால் தையில் குஞ்சு இறங்கியிருக்க வேண்டும், பொங்கலுக்கு என்றால் ஆடியில். கருப்பசாமிக்கு நேர்ந்துகொண்டு கருஞ்சேவல் தேடி வருகிறவர் பேரமே பேச மாட்டார். அவரிடம் கூடுதலாக ஐம்பது வாங்கலாமா என்பதில் எனக்கும் மாமியாருக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. நான் வாங்குகிற கட்சி.

ஒரே ஒரு சமயத்தில் யாரும் உங்கள் விலையைக் கேட்க மாட்டார்கள். பக்கத்துத் தெருவில் வெள்ளைக்கழிச்சல், கோழிகளைக் கூட்டமாகச் சாய்க்கிற நோய், வந்த வாரம். அப்போது கூடைவண்டிகள் மோப்பம் பிடித்து வரும், "உருப்படி நூறு ரூவா, இல்லன்னா நாளைக்குப் பொதைக்கணும்" என்று பயம் காட்டும். தடுப்பூசி போடாத ஒரு வருடம் நானும் அப்படி ஏழு கோழியைக் கொடுத்தேன். பிப்ரவரியில் கால்நடைத் துறையே முகாம் நடத்தி இலவசமாகப் போடுகிறார்கள். போட்டுவிட்டால் அந்த வாரத்திலும் நிதானமாக இருக்கலாம். ஒன்று, நோய் தொட்ட கோழியை மட்டும் எந்த விலைக்கும் விற்காதீர்கள். வாங்கியவர் வீட்டுக் கூண்டும் காலியாகும்.

இனி உங்கள் எட்டுச் சேவல். ஏழு மாதம் ஆகிவிட்டது, இதற்குமேல் வைத்தால் தங்களுக்குள் கொத்திக்கொண்டு எடை இறங்கும், தீனி மட்டும் ஏறும், கறியும் முற்றும். நாலு பெட்டைக்கு ஒரு சேவல் தாராளம், நல்லதாக ஒன்றை நிறுத்திக்கொண்டு மீதி ஏழு சேவலையும் விற்றுவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்டாதீர்கள். நிறையப் பார்த்தால் கேட்கிற விலை இறங்கும். ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு, காலையில் இரை போடுமுன் எடை போட்டு, காலில் எண் எழுதிய துணி கட்டி, 400 சொல்லுங்கள். இரண்டு ஞாயிறு போயும் ஒன்றுகூடப் போகவில்லையென்றால் 375-க்கு வாருங்கள், அதுவும் எல்லோருக்கும் ஒரே விலையாக. மூன்றாவது ஞாயிறும் நின்றால் சந்தைக்குக் கொண்டுபோங்கள், தராசைக் கையோடு எடுத்துக்கொண்டு. பெட்டை நாலையும் விற்காதீர்கள். இந்த வயசுக்கு அதுகள் இப்போதே முட்டைக்கு இடம் தேடிக்கொண்டிருக்கும்.